அடுத்தவர் வாய்க்கு எழுதிய வரிகள்: ராப் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகள்

வாசகர் கேள்வி
2024 ஜூன் 2, காலை 10.15

ராப் என்பது பாடுபவரின் சொந்த வாழ்க்கை. வேறொருவர் எழுதிக் கொடுத்ததைத் தன் கதைபோலப் பாடுபவர் கேட்பவரை ஏமாற்றுகிறார். பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவரும் அதற்கு உடந்தை. பெரிய நிறுவனங்களில் இப்படித்தான் நடக்கிறது என்கிறார்கள். அங்கே எழுதியவர் யாரேனும் இருந்தால் இதை மறுக்க முடியுமா?

2024 ஜூன் 2, இரவு 9.40

நான் எழுதியிருக்கிறேன். 2016 முதல் 2019 வரை, பெரிய ஹிப்ஹாப் நிறுவனம் ஒன்றின் கொழும்புக் கிளைக்காகத் தமிழ் வரிகள் எழுதினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; என்னோடு அங்கே வேலை செய்தவர்களில் பலர் இன்னும் இந்தத் துறையை நம்பியே வாழ்கிறார்கள். மொத்தம் 41 பாடல்கள். அவற்றில் 6 பாடல்களில் மட்டும் என் பெயர் வந்தது.

பிறர் எழுதிய வரியைப் பாடுவது ராப்புக்குப் புதிதாக வந்த நோய் என்பதுபோல நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த இசையை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோன முதல் பெரிய இசைத்தட்டிலேயே அது இருக்கிறது. 1979இல் நியூஜெர்சியின் சுகர்ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடலில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய பகுதியின் வரிகள் பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸுடையவை. காஸ் தன் பழைய புனைபெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட ஹேங்க் மாற்றாமல் அப்படியே பாடினார். எழுதியவனின் பெயர் பாட்டுக்குள் ஒலித்தது; தட்டின் மேல் அச்சாகவில்லை. 1987இல் ஈஸி-இ பாடிப் புகழ்பெற்ற ‘பாய்ஸ் இன் த ஹூட்’ பாடலை எழுதியவர் அப்போது பதின்பருவத்தில் இருந்த ஐஸ் கியூப். 1999இல் டாக்டர் டிரே பாடிய ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ பாடலில் ஜே-ஸீயின் உண்மைப் பெயர் எழுத்தாளர் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. இந்த மூன்றிலும் ஒருவர் எழுத இன்னொருவர் பாடினார். இரண்டில் எழுதியவருக்குத் தெரிந்து நடந்தது, ஒன்றில் எழுதியவருக்குப் பெயரும் காசும் கிடைக்கவில்லை. இவற்றை ஒரே சொல்லால் ஏமாற்று என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் நிலை காஸின் நிலை. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

2024 ஜூன் 4

வேலை எப்படி நடந்தது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் பீட், அதாவது பாடலின் பின்னணித் தாள இசை, வரும். அதோடு பாடகரின் பெயரும் “காதல்”, “அம்மா”, “ஊர்” என்று ஒரு சொல்லும் இருக்கும். மறுநாள் மாலை புறக்கோட்டையில் 138 பஸ் ஏறி நுகேகொடைக்குப் போவேன். ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. பெரும்பாலும் பதினாறு பார் கேட்பார்கள்; ஒரு பார் என்பது நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் பதினாறு பார் என்பது 43 விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த 43 விநாடிக்குள் ஒரு மனிதரின் மூச்சு எங்கே முட்டும், எந்த எழுத்தில் நா தடுக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எழுதுமுன் பாடகரோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கதைப்பேன். அவர் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார், கோபம் வந்தால் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று கொப்பியில் குறித்துக்கொள்வேன். அவர் வாயில் இயல்பாக வராத சொல்லை எழுதுவதில்லை என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட முதல் விதி. எழுதி முடித்ததும் கைபேசியில் நானே பாடி, கைட் ட்ராக் என்ற மாதிரிப் பதிவை அனுப்புவேன். அதைக் கேட்டு அவர் பழகுவார்.

யாப்பு தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில ராப்பின் ஓசைப்பொருத்தம் பெரும்பாலும் அடியின் கடைசியில் விழுகிறது. நம் இலக்கணத்தில் அது இயைபு. தமிழில் இயைபு மிக மலிவாகக் கிடைக்கும். வினைமுற்றெல்லாம் “கிறேன்”, “கிறான்” என்று முடிவதால் எந்த இரண்டு அடியையும் பொருத்திவிடலாம், நான்காவது அடியில் கேட்பவருக்குச் சலித்துவிடும். நம் காது பழகியது எதுகைக்கு, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுவதற்கு. பீட்டின் முதல் தட்டில் எதுகையை வைத்து, கடைசித் தட்டில் இயைபை அவ்வப்போது மட்டும் வைத்தால் வரி நிற்கிறது என்பதை முதல் ஆண்டு முழுவதும் பிழைவிட்டே கற்றேன். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எழுத்துகள் ஒலிக்கும் நேரத்தை அளக்கும் தொல்காப்பியரின் மாத்திரைக் கணக்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் எனக்கு அன்றாடக் கருவியாக இருந்தது. பதினாறு பாருக்கும் மாத்திரை எண்ணி எழுதிய பக்கங்கள் இன்னும் என்னிடம் உள்ளன.

ஆரம்பத்தில் ஒரு பாடலுக்கு 7,500 ரூபாய். 2018இலிருந்து 15,000. அதற்குமேல் எதுவும் இல்லை.

2024 ஜூன் 5

மட்டக்களப்பிலிருந்து எழுதியவர் பேச்சுமொழியைப் பற்றிக் கேட்கிறார். ஆம், அழுத்தம் இருந்தது. இந்தியச் சந்தைக்குப் போக வேண்டுமென்று, “கதைக்கிறோம்” என்று எழுதினால் “பேசுறோம்” என்று மாற்றச் சொன்னார்கள். இரண்டு முறை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது முறை பாடகரே மறுத்துவிட்டார். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ராப் இசைத்தொகுப்பு வந்தபோதும், அதே காலத்தில் எங்கள் நகரத்திலிருந்தே கிரிஷான் மகேசன் தமிழில் ராப் பாடியபோதும் நாங்கள் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பையன்கள். சென்னைப் பேச்சு இல்லாமலும் தமிழ் ராப் நிற்கும் என்று காட்டியவர்கள் அவர்கள். அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த பிறகு நான் ஏன் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தேன் என்பதற்கு 7,500 ரூபாய் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

2024 ஜூன் 9

எனக்கு மிக நெருக்கமான பாடலைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, கொழும்பில் ஜம்பட்டா வீதிக்கு அருகே ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கி, பகலில் கடையில் வேலை செய்த ஒரு பாடகருக்காக 2018இல் அதை எழுதினேன். “அம்மா” என்ற ஒற்றைச் சொல்தான் எனக்கு வந்திருந்தது. இரண்டாவது வெர்ஸின் கடைசி அடியை இப்படி எழுதியிருந்தேன்:

கடன் தீர்ந்த நாளில் நான் உடன் வருவேன் அம்மா

பாடல் வெளியானபோது மூன்று நிமிடங்களுக்குள் எனக்கு இரண்டு அடிகள் விழுந்தன. முதலாவது, வரிகள் என்ற இடத்தில் பாடகரின் பெயர் மட்டும் இருந்தது. இரண்டாவது, என் அடியை மாற்றியிருந்தார்:

கடன் தீராத நாளிலும் உடன் வருவேன் அம்மா

நன்றாகச் சம்பாதித்த பிறகே ஊருக்குத் திரும்புவேன் என்று வைராக்கியத்தோடு நிற்கும் ஒரு மகனை நான் எழுதியிருந்தேன். மாற்றிய அடியில் அந்த வைராக்கியம் போய்விட்டது. பெயரை எடுத்ததோடு வரியையும் கெடுத்தார் என்று அவர்மேல் ஆறு ஆண்டுகளாகக் கோபம் வைத்திருக்கிறேன். அதன்பின் நாங்கள் கதைக்கவே இல்லை. 2019இன் இறுதியில் நான் அங்கிருந்து விலகினேன். அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் இந்தப் பாடலே முதற்காரணம்.

2024 ஜூன் 10

திருத்தம். நேற்றிரவு பழைய கொப்பிகளையும் காசு பெற்ற பற்றுச்சீட்டுகளையும் எடுத்து எண்ணினேன். 41 அல்ல, 38 பாடல்கள். மூன்று பாடல்கள் வெளிவரவே இல்லை, அவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். என் பெயர் வந்தவை 6 அல்ல, 9. கோபத்தில் மூன்றைக் கூட்டி மூன்றைக் குறைத்திருக்கிறேன். முதற்குறிப்பை அப்படியே விட்டுவைக்கிறேன்; படிப்பவர்கள் இந்த எண்களைக் கொள்ளவும்.

2024 ஜூன் 14

“பாடகருக்குப் புகழ் கிடைத்தால் எழுதியவருக்கும் தானாகவே கிடைக்கும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2021இல் உலகமெங்கும் ஓடிய ‘மெணிகே மகே ஹிதே’ என்ற சிங்களப் பாடலைப் பாடியவர் யொஹானி என்பது இந்தியாவில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அதன் முதல் வடிவம் 2020இலேயே வெளியானது என்பதும், வரிகளை எழுதியவர் டுலான் ஏஆர்எக்ஸ் என்ற ராப் கலைஞர் என்பதும் கொழும்பில்கூட எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே எழுதியவரின் பெயர் முறையாகவே பதிவாகியிருக்கிறது. பெயர் இருக்கும்போதே இவ்வளவு மங்கலாக இருக்கிறதென்றால், பெயரே இல்லாதவர் எந்தப் புகழுக்காகக் காத்திருப்பது?

2024 ஜூன் 21, பொசன் போயா, இரவு

இன்று அந்தப் பாடகரைச் சந்தித்தேன்.

இந்தக் கேள்வி பதில் இழையை அவருக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். புதன்கிழமை அழைத்தார். “அண்ணே, வீட்டுக்கு வாங்க” என்பதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. இப்போது மட்டக்குளியில் மனைவி மகளோடு இருக்கிறார். போயா நாளில் பௌத்தர்கள் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் பந்தல்களுக்கு வழியெல்லாம் வரிசை நின்றதால் ஆட்டோ நகரவில்லை. கடைசி அரைக் கிலோமீற்றரை நடந்தே போனேன்.

தேநீர் வரும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. பிறகு நான் 2018இல் அவரோடு உட்கார்ந்து கதைத்த மாலையை நினைவூட்டினார். அம்மா தோட்டத்துக் கடையில் வாங்கிய கடனைப் பற்றியும், அது தீர்ந்த பிறகு ஊருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்ததைப் பற்றியும் அவர்தான் எனக்குச் சொன்னார். நான் அதைக் கேட்டுக் குறித்து எழுதினேன். நான் எழுதிக் கொடுத்ததற்கும் அவர் ஒலிப்பதிவுக்குப் போனதற்கும் இடைப்பட்ட பதினொரு நாளில் அம்மா இறந்துவிட்டார். கடன் தீரவில்லை. மரண வீட்டிலிருந்து திரும்பி வந்து நேரே மைக்கின் முன் நின்றவருக்கு, என் அடி வாயில் வரவில்லை. “தீர்ந்த நாளில்னு பாட ஏலாம போச்சு அண்ணே” என்றார்.

எனக்கு அப்போது எவரும் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு அடிகளையும் மாத்திரை எண்ணிப் பார்த்தேன். “தீர்ந்த நாளில் நான்” பத்து மாத்திரை. “தீராத நாளிலும்” ஒன்பதரை. கடன், உடன் என்ற எதுகையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாப்பு படிக்காத ஒருவர், துக்கத்தில் நின்றுகொண்டு, பீட் கலையாமல் அரை மாத்திரைக்குள் பொருளைத் தலைகீழாக்கியிருக்கிறார். 9ஆம் திகதிக் குறிப்பில் வரியைக் கெடுத்தார் என்று எழுதியதை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். அவருடைய அடி என் அடியைவிட உயர்ந்தது. வைராக்கியம் என்று நான் நினைத்தது, தாயைக் காத்திருக்கச் சொல்லும் ஒரு மகனின் வீம்பு. தாயை இழந்தவரால்தான் அதைத் திருத்த முடிந்தது.

இழையைத் தொடங்கிவைத்தவருக்கு இப்போது என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். பாடுபவரின் சொந்த வாழ்க்கை என்றீர்கள். இந்தப் பாடலில் வாழ்க்கை அவருடையதுதான். சொற்களில் பெரும்பகுதி என்னுடையவை. கேட்பவரை அழவைக்கும் ஒரு சொல் அவருடையது. இதில் யார் யாரை ஏமாற்றினார் என்று என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

2024 ஜூன் 22

முக்கியமான ஒன்றை நேற்று எழுத மறந்துவிட்டேன். வரிகள் என்ற இடத்தில் தன் பெயர் மட்டும் இருப்பது அவருக்கே இந்த இழையைப் படித்த பிறகுதான் தெரியும்.

அந்தக் காலத்தில் பாடல்களை இணையத்தளங்களுக்கு ஏற்றிய இளைஞர் ஒருவரோடு இன்று தொலைபேசியில் கதைத்தேன். பாடலை ஏற்றும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்திலக்கக் குறியீடு இடப்படுகிறது. அது இல்லாமல் பாடல் ஏறாது. எழுதப்பட்ட படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற வேறொரு குறியீடு உண்டு. அது இல்லாமலும் பாடல் ஏறிவிடும். எழுதியவர் என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாததால் பாடகரின் பெயரையே அதிலும் இட்டு வேலையை முடித்திருக்கிறார். என் பெயர் அவருக்கு எவரும் கொடுத்திருக்கவில்லை. பெயர் வந்த 9 பாடல்களும் தயாரிப்பாளர் ஒருவர் நினைவாகக் குறித்து அனுப்பியவை. ஆக, ஆறு ஆண்டுகளாக நான் சதி என்று நினைத்தது, ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத ஒரு கட்டம்.

இதனால் நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்த பற்றுச்சீட்டில் என் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் அதே பெயரை அந்த இளைஞரிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

2024 ஜூன் 26

சட்டம் பற்றி நான்கு பேர் கேட்டதால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய கணத்திலிருந்தே உண்டு, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை நிற்கும். பொருளாதார உரிமை வேறு, தார்மிக உரிமை வேறு. பொருளாதார உரிமையை விற்ற பிறகும், படைப்போடு தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அதை எவரும் எழுதி வாங்க முடியாது.

வேலைக்காரர் எழுதியது வேலை கொடுத்தவருக்குத்தானே என்று ஒருவர் கேட்டார். ஊழியர் தொழிலின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, தொழில்தருநருக்கே போகும் என்பது உண்மை. நான் ஊழியனாக இருக்கவில்லை. ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதமோ அவர்கள் பங்கு 12 வீதமோ ஒரு மாதமும் கட்டப்படவில்லை. நான் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியவன்.

2024 ஜூன் 27

நேற்றைய குறிப்பின் கடைசிப் பகுதியில் பிழை ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய பந்தியின் கடைசி வாக்கியம் பிழை. இழையைப் படிக்கும் சட்டத்தரணி ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். பெயருக்கான உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமையை எந்தச் சூழலில் விடுகிறார் என்று தெளிவாகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 2016இல் நான் கையொப்பமிட்ட ஒரு பக்க ஆங்கிலக் கடிதத்தை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை. இன்று சொல் சொல்லாகப் படித்தேன். வரிகளின் எல்லா உரிமையும் உலகம் முழுவதற்கும் நிறுவனத்துக்கு என்று இருக்கிறது. பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எழுதத் தொடங்கும் இளையவர்கள் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து கடிதத்தைக் கையொப்பமிடுமுன் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டால் எவரும் மறுக்கமாட்டார்கள். நான் கேட்டுப்பார்க்கவில்லை.

2024 ஜூலை 14

இரண்டு செய்திகள்.

முதல் நாள் இரவு “என் நிலை காஸின் நிலை” என்று எழுதியிருந்தேன். அது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. காஸின் வரிகள் அவருக்கு ஒன்றும் கொடுக்காமல் எடுக்கப்பட்டன, அந்தத் தட்டு உலகமெங்கும் விற்றது. நான் தொகை பேசி, வாங்கி, கையொப்பமிட்டவன். என் குறை பெயரைப் பற்றியது மட்டுமே. அதற்கு அவருடைய இழப்பை இரவல் வாங்கியிருக்கக்கூடாது.

இரண்டாவது, நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். கொழும்புக் கிளை இப்போது இல்லை, ஆகவே தலைமை அலுவலகத்துக்கு. பணம் கேட்கவில்லை. என் பெயர் வராத 29 பாடல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கொப்பிப் பக்கத்தின் படம், பற்றுச்சீட்டின் திகதி ஆகியவற்றை இணைத்தேன். ‘அம்மா’ பாடலுக்கு மட்டும் எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்களைக் கேட்டிருக்கிறேன், என் பெயரும் அவர் பெயரும். மட்டக்குளியில் அவர் வீட்டு மேசையில் வைத்து இருவரும் அதில் கையொப்பமிட்டோம். தன் பெயர் அங்கே வேண்டாம், ஒரு சொல்தானே மாற்றினேன் என்று பலமுறை மறுத்தார். பேனையை அவர் கையில் வைத்துவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் நானும் கையொப்பமிடமாட்டேன் என்றேன்.

2024 ஆகஸ்ட் 18

சிலர் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதில் கடிதம் வரவில்லை. ஆனால் இன்று காலை தளத்தில் பார்த்தபோது நான்கு பாடல்களில் என் பெயர் சேர்ந்திருக்கிறது. ‘அம்மா’ அவற்றில் ஒன்று. இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் பெயரின் முதலெழுத்து மட்டும் தவறாக விழுந்திருக்கிறது. திருத்தச் சொல்லி இன்று மாலையே எழுதியிருக்கிறேன்.